தோட்டப் பாடசாலைக் கூட்டத்துக்குப் பெற்றோர் ஏன் வருவதில்லை?

வாசகர் கேள்வி, 2025 பெப்ரவரி 9

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இப்போது கொழும்பில் வேலை. அண்மையில் ஊருக்குப் போனபோது நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஆசிரியர்களும் நாலைந்து பாட்டிமாரும்தான் உட்கார்ந்திருந்தார்கள். நேராகவே சொல்கிறேன், நம்முடைய ஆட்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை. கோயில் திருவிழா என்றால் மட்டும் வரிசை வீடுகள் எல்லாம் சேர்ந்த லயமே திரண்டு வருகிறது. தோட்டப் பாடசாலைகளில் வேலை செய்கிறவர்களே, அப்படி இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

2025 பெப்ரவரி 9, இரவு

சொல்ல முடியும். நான் தோட்டப் பாடசாலை ஒன்றின் அதிபர். வகை 3, தரம் 1 முதல் 5 வரை மட்டும். பிள்ளைகள் நூறுக்குக் கொஞ்சம் மேல். நானும் லயத்தில் பிறந்தவள்தான், அம்மா ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தார்.

கூட்டம் எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. வார நாளில் காலை பத்து, பதினொன்று என்றுதான் பெரும்பாலும் வைப்பார்கள். அந்த நேரத்தில் அம்மாமார் மலையில் நிற்கிறார்கள். பறித்த கொழுந்தை நிறுக்கிற காலை நிறுவை முடிந்து பகல் நிறுவைக்குப் பறித்துக்கொண்டிருப்பார்கள். இறங்கிக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் வேலைக்குப் பதிகிற சம்பளம், போய்விடும், வேலையை மேற்பார்க்கிற கங்காணி மனது வைத்தால் அரைப்பேர் கிடைக்கும். ஒரு நாள் பேர் இன்றைக்கு 1,350 ரூபாய். 2021இலிருந்து 1,000 ரூபாயாக நின்றது 2024 செப்டெம்பரில்தான் இந்த அளவுக்கு வந்தது. மாதச் சம்பளக்காரர் அரை நாள் லீவு போட்டால் வீட்டுக்கு வருகிற காசு குறைவதில்லை. இங்கே அன்றைக்கே குறையும், அதுவும் கடையில் கடன் கொப்பி இருக்கிற வீட்டில்.

திருவிழாவுக்குத் திரள்கிறார்களே என்கிறீர்கள். திருவிழா என்றால் தொழிற்சங்கத் தலைவர்மாரும் கோயில் கமிட்டியும் கூடித் திகதி வைக்கிறார்கள். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் முன்கூட்டியே சொல்லி லீவு எடுக்கிறார்கள். அன்றைக்குத் தோட்டத்தில் யாருக்கும் பேர் இல்லை, அதனால் யாரும் தனியாக நட்டப்படுவதும் இல்லை. பாடசாலைக் கூட்டத்துக்கு அப்படி யார் கேட்டுப் பார்த்தார்கள்? அதிபர் ஒரு திகதி குறிக்கிறார், கடிதம் பிள்ளையின் பையில் போகிறது, அவ்வளவுதான்.

எங்கள் பாடசாலையில் பெரிய கூட்டம் தவணைக்கு ஒன்று. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வைக்கிறோம். ஞாயிறு காலை சரிவராது, கைக்காசுக்கு, அதாவது பேர் இல்லாமல் பறித்த அளவுக்குக் கூலி வாங்க, போகிறவர்கள் இருக்கிறார்கள், உடுப்புத் துவைக்கிற நாளும் அதுதான். மற்றபடி கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நாங்களே போகிறோம். சாயந்திர நிறுவைக்கு வரிசையில் நிற்கிறார்களே, பேசக் கிடைப்பது அந்த நேரம்தான். நான் தரம் 2 கொப்பிகளில் சிலவற்றைப் பையில் எடுத்துப் போவேன். "இது உங்க மகன் எழுதினதும்மா" என்று நீட்டினால் கை ஈரமாக இருக்கிறதென்று வாங்க மாட்டார்கள். நான் விரித்துப் பிடித்திருக்க, இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு குனிந்து பார்ப்பார்கள். கொழுந்துக் கறை ஏறிய விரலைக் கடதாசியில் படாமல் எழுத்துக்கு மேலேயே வரிவரியாகக் கொண்டுபோவார்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். அந்த அம்மாவுக்கு அக்கறை இல்லை என்று என்னால் ஒருநாளும் எழுத முடியாது.

2025 பெப்ரவரி 16

இரண்டு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கேட்பது அப்பாமார் எங்கே, குடியைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் இல்லை என்று. நியாயமான கேள்வி. சம்பளநாளுக்கு மறுநாள் வரவு இடாப்பை (பதிவேட்டை) பார்த்தால் எந்தெந்த வீட்டில் இரவு சண்டை நடந்தது என்று எனக்கே தெரியும். பிள்ளை வராது, வந்தாலும் வாய் திறக்காது. அப்படிப்பட்ட பிள்ளையை அன்றைக்குக் கரும்பலகைக்குக் கூப்பிட வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் அப்பாமாரிடம் கேட்கிற விதம் வேறு. கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுதல்), கான் (வடிகால்) வெட்டு, மருந்தடிப்பு என்று ஆண்களின் வேலை பெரும்பாலும் பகல் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும், பெண்களுக்குத்தான் சாயந்திர நிறுவை வரை. அதனால் ஆண்களை இரண்டரைக்குக் கூப்பிடுகிறோம். பேச்சுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வாசலிலேயே நிற்பார்கள். "கூரைத் தகரம் ஆடுது, ரெண்டு பேர் வாங்கண்ணே" என்றால் சம்மட்டியோடு வருகிறார்கள். ஆணி அடித்துவிட்டு இறங்கியவரிடம் மகளின் கணக்கைப் பற்றிப் பேசினால் நின்று கேட்கிறார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் இப்போதைய பொருளாளர் அப்படித் தகரம் அடிக்க வந்தவர்தான்.

இரண்டாமவர் பாட்டிமாரைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்கள் தரம் 3இல் கணிசமான பிள்ளைகளின் அம்மா குவைத்திலோ சவூதியிலோ கொழும்பில் ஏதோ வீட்டிலோ வேலை செய்கிறார். அப்பா கொழும்பில் கடையில். வீட்டில் இருப்பது அம்மாயி அல்லது அப்பாயி. கூட்டத்துக்கு நாலைந்து பாட்டிமார்தான் வந்தார்கள் என்று முதல் கேள்வியில் இருக்கிறது. அந்த நாலைந்து பேர்தான் காலையில் பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, ரொட்டி சுட்டுக் கொடுத்து அனுப்புகிறவர்கள். எனக்கு அவர்களைவிடப் பெரிய பெற்றோர் கிடையாது. கடிதம் எழுதி அனுப்பினால் அவர்களில் பலருக்கு வாசிக்க முடியாது, அதனால் எங்கள் அறிவித்தல்கள் பிள்ளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே வசனமாகத்தான் போகும். "ஞாயித்துக்கிழமை நாலு மணி, ஸ்கூல்ல, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு." போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டே போவார்கள்.

2025 மார்ச் 9

மாசி மாதம். தரம் 4, 5 பையன்களில் சிலர் முதல் பாடத்தில் தூங்கி விழுகிறார்கள். காரணம் காமன் கூத்து, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடுகிற கூத்து. கம்பம் ஊன்றியதிலிருந்து இரவுகளில் பாட்டும் ஆட்டமும். ரதியும் மதனும் வந்து, மதன் எரிந்து முடியும்வரை தோட்டம் தூங்காது. பெரிய பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன வேஷங்களும் உண்டு.

தடுக்க வேண்டும் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். எனக்கு அதில் சம்மதமில்லை. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து மூன்றையும் இந்த மண்ணுக்கு வந்த மூத்தவர்கள் மனதில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள், ஒரு புத்தகமும் இல்லாமல். கூத்து வாத்தியாரிடம் போய்ப் பேசினேன். பிள்ளைகள் வருகிற கட்டத்தை ஒன்பது மணிக்குள் முடித்து வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்தார். பதிலுக்கு நானும் ஒன்று கேட்டேன், பாடசாலைக்கு வந்து தப்பு என்கிற பறையை அடித்துக் காட்ட வேண்டும் என்று.

சொன்னபடி ஒரு நாள் வந்தார். முற்றத்தில் மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் கிளை, போட்டு நெருப்பு மூட்டினார். தப்பை நெருப்புக்கு மேல் திருப்பித் திருப்பிக் காட்டி, இடைக்கிடை விரலால் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். மலைக் காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், சூடேறினால்தான் சத்தம் திறக்கும். பிள்ளைகள் அடிக்கு முன்னாலேயே அந்தத் தட்டலுக்கு வாயைப் பிளந்து நின்றார்கள். பிறகு கல்யாண அடி, சாமி அடி, சாவு அடி மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினார். தரம் 3 பிள்ளைகள் அன்றைக்கு எழுதிய வசனங்கள்தான் இந்தத் தவணையில் நான் வாசித்ததிலேயே நீளமானவை.

இன்னொன்றும் நடந்தது. "தப்பைப் போய் ஸ்கூலுக்குள்ளயா?" என்று இரண்டு வீட்டிலிருந்து கேட்டார்கள். தப்பு யார் அடிப்பது, யார் அடிக்கக் கூடாது என்கிற பழைய சாதிக் கணக்கு அது. அந்த இரண்டு வீட்டுக்கும் நேரில் போனேன். அதிபர் கந்தோரிலிருந்து வகுப்பறை வரை பாடசாலைக்குள் எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள், வாத்தியமும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். மற்ற வீட்டில் தரவில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பாடசாலைக்கு வந்தார்கள்.

2025 ஏப்ரல் 13

லீவு. கொழும்பில் கடைகளில் நிற்கிற பழைய மாணவர்கள் புத்தாண்டுக்கு வந்திருக்கிறார்கள். தரம் 1 வகுப்புக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறார்கள், மஞ்சளா நீலமா என்று ஒரே விவாதம். நீலம் வென்றது.

2025 ஜூன் 15

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டது. மேற்குச் சரிவில் இருக்கிற எங்களுக்கு மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை இதுதான் வாழ்க்கை. கிழக்கே பண்டாரவளை, பதுளைப் பக்கம் இப்போது காற்றும் வெயிலும், அவர்களுக்கு மழை வருடக் கடைசியில்.

மழைக்காலத்தில் வரவு குறைவதற்குப் படிப்பில் வெறுப்பு காரணமில்லை. ஒரு சோடிச் சப்பாத்துதான் காரணம். நேற்று நனைந்தது இன்றைக்குக் காயாது. சீருடையை அடுப்புக்கு மேல் கயிற்றில் போட்டுக் காய வைக்கிறார்கள், வகுப்புக்குள் போனால் முப்பது பிள்ளைகளின் சட்டையிலும் விறகுப் புகை மணக்கும். அரசாங்கம் சீருடைத் துணி தருகிறது, சப்பாத்துக்கு வவுச்சரும் வந்தது, நல்ல விஷயம். ஆனால் ஒன்றுக்கு மாற்று வேண்டுமே. அதனால் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை செருப்போடு வரலாம், கலர் உடுப்போடும் வரலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். பார்க்க வருகிற அதிகாரிகள் கேட்டால் பதில் சொல்கிற பொறுப்பு என்னுடையது.

கீழ்ப் பிரிவுப் பிள்ளைகள் ஓடை கடந்து வர வேண்டும். மழை நாளில் ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் அவர்களைச் சேர்த்து நடத்திக்கொண்டு வருகிறார். கையில் தடி, பையில் உப்பு. உப்பு, காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டைக்கு. வாசலில் வரிசையாக நிறுத்திக் காலைப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்.

அப்புறம் சாப்பாடு. 2024இலிருந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சாப்பாடு என்று வந்தது எங்களுக்குப் பெரிய மாற்றம். சமைப்பது எங்கள் அம்மாமார் சிலர் சேர்ந்த குழு. சோறு, பருப்பு, கீரை, முட்டை, சில நாள் பயறு. முட்டை போடுகிற நாளில் வரவு இடாப்பு நிறைந்துவிடும். 2022இல் மாவும் அரிசியும் விலை ஏறிய மாதங்களில், காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடி முடிவதற்குள் பிள்ளை மயங்கி விழுந்ததைக் கையில் ஏந்தியிருக்கிறேன். அதனால் இந்தச் சாப்பாட்டைப் பற்றி யாராவது இலேசாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. காசு சில மாதங்களில் பிந்தித்தான் வருகிறது. அதுவரை தோட்டக் கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசி தருகிறார். அவரும் இந்தப் பாடசாலையில் படித்தவர்.

மழை அளக்கிற வேலையைத் தரம் 5இடம் கொடுத்திருக்கிறேன். சுற்றாடல் பாடத்துக்காகத்தான் தொடங்கினோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கிற அளவுகளைப் பலகையில் எழுதிவிட்டோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் இடம் மாற வேண்டும். காலை ஏழரைக்குப் பிள்ளைகள் அளந்து, எண்ணைப் பலகையில் போடுவார்கள். மலைக்குப் போகிற வழியில் பெரியவர்களும் எட்டிப் பார்க்கிறார்கள்.

2025 ஜூன் 16

எப்படிச் செய்தீர்கள் என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்று. மேல் பகுதியை வெட்டித் தலைகீழாக அதற்குள்ளேயே செருகிவிடுங்கள், புனல் போல நிற்கும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் சின்னக் கல் போட்டு, கோடு ஒன்று போட்டு, அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றி அதைப் பூச்சியம் என்று வையுங்கள். அங்கிருந்து அடிமட்டத்தை ஒட்டுங்கள். கூரையும் மரமும் இல்லாத இடத்தில், காற்றில் விழாமல் கல் அடுக்கி வைக்க வேண்டும். அளந்ததும் மறுபடி கோட்டுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம், பிள்ளைகள் அதைத்தான் மறப்பார்கள்.

2025 ஜூலை 5

விளையாட்டுத் திடலுக்கு மேலே கற்பூர மரத்தில் குளவி கூடு வைத்துவிட்டது. இரண்டு நாள் பிள்ளைகளை வெளியே விடவில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை, உயிரும் போயிருக்கிறது. விசில் மூன்று முறை அடித்தால் கையை வீசாமல், கத்தாமல், பக்கத்தில் உள்ள அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும் என்று தரம் 1க்கும் பழக்கியிருக்கிறோம். தோட்ட நிர்வாகம் ஆள் அனுப்பி இரவில் கூட்டை அகற்றியது. நன்றி சொல்லி ஒரு கடிதம் கொடுத்தேன். கடிதத்தைத் தரம் 5 எழுதியது.

2025 ஓகஸ்ட் 11

நேற்றுத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. எங்கள் பிள்ளைகளுக்கு நிலையம் டவுனில் உள்ள பெரிய பாடசாலை. வேன் பிடித்தோம், சங்கக் காசில் பாதி, பெற்றோர் பாதி. வாந்தி எடுக்கிற பிள்ளைகளை முன் சீட்டில் வைத்தோம். வாசலில் அம்மாமார் இரண்டு வினாத்தாளும் முடியும்வரை மழையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாருக்கும் பேர் போகவில்லை, அதனால் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. இந்த இழையின் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பரீட்சையைப் பற்றி என் நினைப்பு இப்போதும் இரண்டாகத்தான் நிற்கிறது. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியும் மத்திய மகா வித்தியாலயங்களும் வந்தபோது, வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கதவு திறக்கத்தான் இந்த வழி வைத்தார்கள். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தாலும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் துரைமாரின் கையிலேயே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அவ்வளவு பிந்தி வந்த எங்களுக்கு இந்தக் கதவு தேவை, மூடச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளை விடிய ஐந்து மணிக்கு டியூசன், சாயந்திரம் மாதிரி வினாத்தாள் என்று ஒரு வருடமாக ஓடுவதைப் பார்க்கிறேன். நல்லதென்று நினைத்து, வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். இந்த வருடம் எங்கள் ஆசிரியர்களே பாடசாலை முடிந்து ஒரு மணி நேரம் காசு இல்லாமல் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம்தான், அதற்கு மேல் விடவில்லை.

அவர்களில் ஒருவர் 2014, 2015 காலத்தில் ஆசிரியர் உதவியாளராக 6,000 ரூபாய் கொடுப்பனவில் சேர்ந்தவர். அந்தக் காசில் பஸ்ஸுக்குப் போக என்ன மிஞ்சும்? பிறகு கொட்டகலைக் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்தார். இங்கிருந்து இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதியதே இல்லை. மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் இல்லை என்று எழுதுகிறவர்கள், வந்த பிறகு போகாமல் நின்றவர்களைப் பற்றியும் எழுத வேண்டும்.

2025 செப்டெம்பர் 7

பெறுபேறு வந்துவிட்டது. வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. காலைக் கூட்டத்தில் தரம் 5 முழுவதையும் பெயர் சொல்லி முன்னால் அழைத்து ஒரே மாதிரிக் கைதட்டினோம். பேனரும் போடவில்லை. ஒரு அப்பா பேனர் கேட்டார். அவரிடம், அடுத்த ஜனவரியில் தரம் 6க்கு நடந்து போகப்போகிற பாதையில் புல் வெட்டித் தாருங்கள் என்றேன்.

அந்தப் பாதை எனக்குக் கவலை. எங்களிடம் 5 வரைதான். ஆறாம் தரத்துக்குப் பெரிய பாடசாலைக்குத் தேயிலைக்கு நடுவே நாலைந்து கிலோமீற்றர் நடக்க வேண்டும். படிப்பை விடுகிற பிள்ளைகள் பலர் விடுவது அந்த முதல் வருடத்தில். அதனால் ஏழாம், எட்டாம் தரத்துப் பழைய மாணவர்களிடம் ஆளுக்கு இரண்டு சின்னவர்களை ஒப்படைக்கிறோம். முதல் தவணை முடியும்வரை கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் எனக்குச் செய்தி வந்துவிடும்.

2025 ஒக்டோபர் 5

சிறுவர் தினம் முடிந்தது. நாளை ஆசிரியர் தினம், பிள்ளைகள் ரகசியமாக ஏதோ செய்கிறார்கள்.

இது வாசிப்பு மாதம். எங்கள் நூலகம் இரண்டு அலுமாரி. மழையில் புத்தகம் பூஞ்சணம் பிடிப்பதால் பூட்டி வைக்காமல் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம், அடுப்படிச் சூட்டில் புத்தகம் நன்றாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு லயத்தின் தொங்கல் காம்பரா, அதாவது கடைசி வீட்டு, வாசலில் தரம் 4, 5 பிள்ளைகள் பாட்டிமாருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். பாட்டிமார் கதையை நிறுத்தி நிறுத்தி "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்கிறார்கள். திக்கித் திக்கி வாசிக்கிற பிள்ளைக்கு அந்தப் பாட்டிமாரைவிடப் பொறுமையான ஆசிரியர் இல்லை. ஒரு பாட்டி தானே கதை சொல்லத் தொடங்கிவிட்டார், தமிழ்நாட்டிலிருந்து கண்டிச் சீமைக்கு, இந்த மலைநாட்டுக்கு, வந்த கதை, அவருக்கு அவருடைய அப்பாயி சொன்னது. பிள்ளைகள் எழுதி வைக்கிறார்கள். முன்னோர் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்தப் பாதை அவர் சொன்ன ஊர்ப் பெயர்களோடு ஒத்துப்போகிறது என்று தரம் 5 பிள்ளை ஒருத்தி வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள்.

2025 நவம்பர் 8

நேற்று வரவு செலவுத் திட்டம். ஜனவரியிலிருந்து தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,550, அதோடு வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200, ஆக 1,750 என்று சொல்லியிருக்கிறார்கள். கிடைக்க வேண்டும், கிடைத்தால் அடுப்பு எரியும். ஆனால் பெப்ரவரியில் நான் எழுதியதை இதோடு சேர்த்து வாசியுங்கள். ஒரு நாள் மலைக்குப் போகாமல் பாடசாலைக்கு வருவதால் ஒரு தாய் இழக்கிற தொகை இனி இன்னும் பெரியது. வார நாள் கூட்டம் வைக்கிற அதிபர்கள் அதை யோசிக்க வேண்டும். தவணைக்கு ஒரு தடவை, அரை நாள், பாடசாலைக்குப் போன தாய்க்குப் பேர் வெட்டுவதில்லை என்று தோட்டங்களோடு பேசி எடுக்க முடிந்தால் எத்தனையோ விஷயம் மாறும். தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளத்தோடு இதையும் கேட்கட்டும்.

2025 டிசம்பர் 7

பலர் விசாரித்திருந்தீர்கள். இன்றைக்குத்தான் சிக்னல் கிடைத்தது.

நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மழையில் எங்கள் தோட்டத்தில் உயிர்ச்சேதம் இல்லை. மேல் பிரிவில் ஒரு லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி நாலு காம்பராக்கள் போய்விட்டன. உள்ளே ஆள் இருக்கவில்லை. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயிருக்கின்றன, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் அதிகம். எங்கள் ஆசிரியை ஒருவரின் சொந்தக்காரர்கள் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் தப்பினோம் என்று சந்தோஷமாக எழுத வரவில்லை.

அன்றைக்குப் பாடசாலை மூடியிருந்தது. தரம் 5 பையன்கள் இரண்டு பேர் யாரும் சொல்லாமலே அப்பாவோடு வந்து போத்தலைப் பார்த்திருக்கிறார்கள். பகலிலேயே நிரம்பி, கொட்டிவிட்டு மறுபடி வைத்திருக்கிறார்கள். தோட்டத் தலைவர் வந்து, "எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டார். 150 தாண்டிவிட்டது என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை, நேரே லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டத் தொடங்கினார். ஜூனிலிருந்து தினமும் பலகையில் பார்த்த எண் என்பதால் யாரும் விவாதிக்கவில்லை. இருட்டுவதற்குள் மேல் பிரிவு முழுவதும் வகுப்பறைகளில் இருந்தது. சாப்பாட்டுக் குழு அம்மாமார் பாடசாலை அடுப்பிலேயே சமைத்தார்கள். கடைக்காரர் மூட்டையோடு அரிசியைத் தந்தார், அன்றைக்குக் கொப்பியில் எழுதவில்லை. பாதை மூடி, மின்சாரமும் போனும் இல்லாத நாட்களில் எங்களைக் காத்தது இவ்வளவுதான்.

2025 டிசம்பர் 21

சில இடங்களில் 16ஆம் திகதி பாடசாலைகள் திறந்தார்கள். எங்களிடம் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன, தரம் 1 நீல அறையில் மூன்று கைக்குழந்தைகள். கட்டடத்துக்குப் பின்னால் உள்ள சரிவைப் பார்த்துச் சொல்லும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது வராமல் அந்தப் பக்க வகுப்பைத் திறக்க மாட்டேன்.

கொப்பி, பை அனுப்பலாமா என்று வெளிநாட்டிலிருந்து கேட்கிறீர்கள். கொப்பிகள் வந்துகொண்டிருக்கின்றன, பாடப்புத்தகம் திணைக்களம் தருகிறது. இப்போது குறைவது பத்திரங்கள். இடிந்த காம்பராக்களோடு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் மறுபிரதி எடுக்கலாம், ஆனால் விண்ணப்பத்தில் பதிவு இலக்கம், திகதி, பிரிவு எல்லாம் கேட்கிறார்கள். எங்கள் சேர்விடாப்பில் பிள்ளைகளின் பிறந்த திகதியும் பெரும்பாலானவர்களுக்குச் சான்றிதழ் இலக்கமும் இருக்கிறது, பழைய இடாப்புகளில் அவர்களுடைய பெற்றோருக்கும் கூட. பொலித்தீனில் சுற்றி வைத்திருந்ததால் நனையவில்லை.

விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த பழைய மாணவர்கள் வேண்டும், அதிலும் செயலகங்களிலோ வங்கிகளிலோ வேலை செய்கிறவர்கள். 28ஆம் திகதி, ஞாயிறு, பகல் இரண்டு மணி. சிங்களத்திலும் எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. வேன் பாலம் வரை வரும், அதற்கு மேல் நடக்க வேண்டும், பாதை வழுக்கும். சாப்பாடு இங்கே இருக்கிறது.